நாகரேயாமா எப்படி வளர்ந்தது?

ஜப்பானின் மக்கள்தொகை 2008-இல் உச்சத்தைத் தொட்டபின் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. பள்ளிகள் மூடப்படுகின்றன, வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில், டோக்கியோவுக்கு வடகிழக்கே இருக்கும் நாகரேயாமா என்ற புறநகர் மட்டும் எப்படி வளர்ந்தது, அந்த வளர்ச்சி நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'புது ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது' என்று ஒரே வரியில் இதற்கு விடை சொல்லிவிடுவோர் உண்டு. அது பாதி உண்மைதான். அதே ரயில் பாதையில் வேறு பல ஊர்களும் இருக்கின்றன. அவற்றிலும் நிலையங்கள் திறக்கப்பட்டன, மனைகள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் 2016 முதல் 2021 வரை 6 ஆண்டுகள் இடைவிடாமல், ஜப்பானிய நகரங்கள் அனைத்திலும் மக்கள்தொகை வளர்ச்சி வீதத்தில் முதலிடம் பெற்றது நாகரேயாமாதான். அந்த ஊர் மற்றவற்றைவிட நன்றாகப் புரிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு: நகரத்துக்கு வேலைக்குப் போகும் குடும்பம் வாங்குவது வீட்டை மட்டுமல்ல, காலையிலும் மாலையிலும் மிச்சமாகும் நிமிடங்களையும் சேர்த்துத்தான். இதை விளக்க ஊரின் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நாகரேயாமா, சிபா மாகாணத்தின் வடமேற்கு ஓரத்தில், எடோ ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்திருக்கிறது. பரப்பு 35.32 சதுர கிலோமீட்டர்தான். டோக்கியோவின் மையத்திலிருந்து 25 முதல் 30 கிலோமீட்டர் தொலைவு. படகுப் போக்குவரத்து செழித்திருந்த காலத்தில் இது ஓர் ஆற்றுத் துறைமுகம். அரிசியிலிருந்து வடிக்கப்படும் இனிப்பான சமையல் மதுவான மிரின்தான் ஊரின் பெருமை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே காய்ச்சப்பட்ட, நிறம் வெளுத்த 'வெள்ளை மிரின்' எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துச் சமையலறைகளைப் பிடித்துக்கொண்டது. 1873-இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கும் போய்ப் பரிசு பெற்று வந்தது. அந்த மிரின் வணிகர்களில் ஒருவரான அகிமோட்டோ குடும்பத்தவர், ஹைக்கூக் கவிஞர் கோபயாஷி இஸ்ஸாவின் நண்பர்; புரவலர் என்றும் சொல்லலாம். இஸ்ஸா ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை இந்த ஊருக்கு வந்து தங்கியிருக்கிறார். 1868-இல் ஷோகுன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி சரிந்த வேளையில், ஷின்சென்குமி என்ற வாள்வீரர் படையின் தலைவர் கொண்டோ இசாமி கடைசியாகப் பாசறை அமைத்து, புதிய அரசின் படையிடம் தன்னை ஒப்படைத்ததும் இங்கேதான். அந்த இடத்தைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

ரயில் வந்ததும் படகுகள் நின்றன. ஊர் ஒதுங்கிப் போனது. 1890-இல் டச்சுப் பொறியாளர் முல்டரின் வடிவமைப்பில் வெட்டி முடிக்கப்பட்ட, தோனே ஆற்றையும் எடோ ஆற்றையும் இணைக்கும் கால்வாயும் சில பத்தாண்டுகளுக்குப் பின் பயன்பாட்டை இழந்தது. முக்கிய ரயில்பாதையான ஜோபான் பாதை இந்த ஊரைத் தொடாமல் பக்கத்து ஊர்கள் வழியாகப் போனதால், ஊர்மக்களே பணம் போட்டு 1916-இல் 5.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பாதையை அமைத்துக்கொண்டார்கள். இரண்டே பெட்டிகள் கொண்ட வண்டி அதில் இன்றும் ஓடுகிறது. டோக்கியோ வட்டாரமெங்கும் பயணிகள் அட்டையைத் தொட்டுவிட்டு நிலையத்துக்குள் போகும் இந்தக் காலத்திலும், இந்தப் பாதையில் காகிதப் பயணச்சீட்டுதான் வாங்க வேண்டும். நாகரேயாமா எவ்வளவு காலம் பெருநகரத்தின் ஓட்டத்திலிருந்து விலகி நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

போருக்குப் பிந்தைய காலத்தில் ஊரின் வடபகுதியில், டோபு ரயில்வேயின் கிளைப் பாதையை ஒட்டி, எடோகவாடாய் போன்ற தனிவீட்டுக் குடியிருப்புகள் எழுந்தன. 1967-இல் நாகரேயாமா நகரத் தகுதி பெற்றது. ஆயினும் வேலைக்குப் போகிறவர் முதலில் கிளைப் பாதையில் ஏறி, காஷிவாவிலோ மபாஷியிலோ இறங்கி, ஏற்கெனவே பிதுங்கி வழியும் ஜோபான் வண்டியில் நெருக்கித் தள்ளிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. 2005-இல் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,52,000. முதல் தலைமுறைக் குடியேறிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள்.

நிலைமையை மாற்றியது, 2005 ஆகஸ்ட் 24 அன்று திறக்கப்பட்ட சுகுபா எக்ஸ்பிரஸ். டோக்கியோவின் அகிஹபாராவிலிருந்து ஆராய்ச்சி நகரமான சுகுபா வரை 58.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம். வழி நெடுக மேம்பாலமும் சுரங்கமுமாகவே போவதால் லெவல் கிராஸிங் ஒன்றுகூடக் கிடையாது. நாகரேயாமாவின் எல்லைக்குள் மூன்று நிலையங்கள் கிடைத்தன. அவற்றில் பெரியதான நாகரேயாமா ஓட்டாகா-நோ-மோரியிலிருந்து அகிஹபாராவுக்கு விரைவு வண்டியில் ஏறத்தாழ 25 நிமிடம். முன்பு இரண்டு மூன்று வண்டி மாறிப் போனவருக்கு இது வேறொரு வாழ்க்கை.

இந்த ரயிலின் பின்னால் உள்ள நில ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊரின் நன்மைக்கும் நெருக்கடிக்கும் ஒருசேர அதுதான் ஊற்றுக்கண். ஜோபான் பாதையின் நெரிசலைக் குறைக்கப் புதிய பாதை வேண்டும் என்ற பரிந்துரை 1985-லேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது நிலவிலை வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரயில் வரப்போகிறது என்ற பேச்சே வழியிலுள்ள நிலத்தின் விலையை இன்னும் ஏற்றிவிடும். அதைச் சமாளிக்க, வீட்டுமனை உருவாக்கத்தையும் ரயில் அமைப்பதையும் ஒரே வேலையாகப் பிணைக்கும் தனிச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. அதன்படி, பாதை போகும் பகுதியின் நிலங்கள் அனைத்தும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, சாலையும் பூங்காவும் ரயில்தடமும் ஒதுக்கப்பட்டு, மீதி நிலம் ஒழுங்கான மனைகளாகப் பழைய உரிமையாளர்களுக்கே திரும்பத் தரப்படும். எடுத்துக்காட்டாக, 1,000 சதுர மீட்டர் தோட்டம் வைத்திருந்தவருக்கு 600 சதுர மீட்டர் மனை திரும்பக் கிடைக்கலாம்; பரப்பு குறைந்தாலும், ரயில் நிலையத்தின் அருகே சாலையைப் பார்த்த மனை என்பதால் மதிப்புக் குறையாது என்பது கணக்கு. பொது அமைப்புகள் முன்கூட்டியே அங்குமிங்குமாக வாங்கி வைத்திருந்த துண்டுகளையெல்லாம் இந்த மறுபகிர்வின்போது ரயில்தடத்தின் மேல் நகர்த்திவிடலாம் என்பதுதான் சட்டத்தின் சூட்சுமம். இந்த வேலைக்கான செலவில் பெரும்பகுதி, கடைசியில் கையிருப்பாக நிறுத்திவைக்கப்படும் மனைகளை விற்றுத்தான் வர வேண்டும்.

நாகரேயாமாவில் இப்படி மறுபகிர்வுக்கு உட்பட்ட நிலம் நான்கு வட்டாரங்களில் சுமார் 630 ஹெக்டேர். ஊரின் மொத்தப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். சட்டம் வந்தபோது நிலவிலை உச்சத்தில் இருந்தது. வேலை தொடங்கி நடந்துகொண்டிருந்தபோது அந்தக் குமிழி உடைந்து, விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. ரயில் திறக்கும் நாளில் அந்தப் பாதை நெடுக எல்லா ஊர்களும் ஒரே நேரத்தில் மனைகளைச் சந்தைக்குக் கொண்டுவரும். நாட்டில் குழந்தைகளோ குறைந்துகொண்டிருந்தார்கள். மனைகள் விற்காவிட்டால் நகராட்சியின் நிதியில் ஓட்டை விழும். நாகரேயாமா தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டதைப் பலர் ஒரு புதுமையாகப் பாராட்டுகிறார்கள். என் பார்வையில் அது முதலில் ஒரு தற்காப்பு.

2003-இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யோஷிஹாரு இசாகி. புவியியல் படித்தவர், அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்து, ஹூஸ்டனில் நகரத் திட்டமிடல் ஆலோசகராகப் பணிபுரிந்து திரும்பியவர். தொழிலால் அரசியல்வாதி அல்ல என்பது ஊர் நிர்வாகத்தில் உடனே தெரிந்தது. 2004-இல் நகராட்சியில் சந்தைப்படுத்தலுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. ஜப்பானிய உள்ளாட்சிகளில் அப்படி ஒன்று அதுவரை இருந்ததில்லை. 'எல்லாருக்கும் ஏற்ற ஊர்' என்று பொதுவாகப் பேசாமல், யார் வர வேண்டும் என்பதை அந்தப் பிரிவு துணிந்து குறித்துக்கொண்டது: கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும், சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள். இந்தத் தேர்வுக்குப் பின்னால் எளிய வரிக்கணக்கு உண்டு. பெரிய தொழிற்சாலையோ அலுவலகக் கோபுரமோ இல்லாத குடியிருப்பு ஊருக்குக் குடியிருப்போர் வரிதான் சோறு போடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் என்றால் இரண்டு வரி. அவர்கள் முப்பது வயதுக்காரர்கள் என்றால் இன்னும் முப்பது ஆண்டுகள் அந்த வரி வரும்.

அந்தக் குடும்பத்தை வரவிடாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு, ஜப்பானில் அப்போது ஒரே பதில்தான்: குழந்தைக் காப்பகம். அங்கே அரசு அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் பெற்றோர் நேரடியாகப் போய் இடம் வாங்க முடியாது. நகராட்சியிடம் விண்ணப்பித்து, வேலை நேரம், குடும்பச் சூழல் முதலியவற்றுக்குப் புள்ளி போடப்பட்டு, அந்த வரிசைப்படிதான் இடம். கிடைக்காதவர்கள் 'காத்திருக்கும் குழந்தைகள்' என்று அரசுக் கணக்கில் ஏறுவார்கள். இடம் கிடைக்காததால் வேலையை விட நேர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். 2016-இல் ஒரு தாய் பெயர் சொல்லாமல் இணையத்தில் கொட்டிய கோபம் நாடாளுமன்ற விவாதம் வரை போனதென்றால், அந்த வலி எவ்வளவு பொதுவானதாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

நாகரேயாமா இந்தச் சிக்கலை வரைபடத்தை வைத்துப் பார்த்தது. ரயில் நிலையத்தின் அருகிலுள்ள காப்பகங்களில் இடம் கிடைக்காது. தள்ளியிருக்கும் காப்பகங்களில் இடம் மிஞ்சும். காரணம் வெளிப்படை. வேலைக்குப் போகும் தாய் காலையில் ஊரின் மறுகோடிக்குப் போய்க் குழந்தையை விட்டு, திரும்பி நிலையத்துக்கு வந்து வண்டி பிடிக்க முடியாது. ஆக, இருக்கும் இடங்கள்கூட நேரமின்மையால் பயனற்றுப் போயின. 2007-இல் ஓட்டாகா-நோ-மோரி நிலையத்தையும் அடுத்த ஆண்டில் மினாமி-நாகரேயாமா நிலையத்தையும் ஒட்டி 'அழைத்துச்செல்லும் காப்பக நிலையம்' என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது.

அது இயங்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் அழகு விளங்கும். காலை 7 மணி தாண்டியதும் நிலையத்தை ஒட்டிய கட்டடத்துக்குள் பெற்றோர் குழந்தையோடு வருகிறார்கள். அலுவலக உடையிலிருக்கும் அப்பா குனிந்து மகளின் காலணியைக் கழற்றித் தட்டில் வைக்கிறார், பையைப் பணியாளரிடம் கொடுக்கிறார், இரவு காய்ச்சல் இருந்ததா, காலையில் சாப்பிட்டாளா என்று இரண்டொரு பேச்சு, கையசைப்பு. அடுத்த சில நிமிடங்களில் அவர் நடைமேடையில் நிற்கிறார். மேலே விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகள் காப்பகம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, கீழே வரிசையாக நிற்கும் பேருந்துகளில் ஏற்றப்பட்டு, 9 மணிக்குள் ஊரெங்கும் உள்ள அவரவர் காப்பகங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள். மாலையில் இதே வேலை தலைகீழாக நடக்கும். பேருந்துகள் குழந்தைகளை நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வண்டியை விட்டு இறங்கும் பெற்றோர் அங்கேயே அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வேலை நீண்டுவிட்டால் இரவு வரை அங்கே பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு. இதற்குக் கட்டணம் நாளொன்றுக்கு 100 யென், மாதத்துக்கு அதிகபட்சம் 2,000 யென் என்று வைக்கப்பட்டது. நாள் கணக்கில் பார்த்தால் ஒரு குவளை காப்பியின் விலைகூட வராது.

இதில் நான் மதிப்பது, புதிதாக எதையும் கட்டுவதற்கு முன்பே இருப்பதை முழுமையாகப் பயன்படுத்திய அறிவைத்தான். நிலையத்தின் அருகே விலையுயர்ந்த இடம் வாங்கிக் காப்பகம் கட்டுவதைவிடச் சில பேருந்துகளை ஓட்டுவது பல மடங்கு மலிவு. கூடவே, ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்குக் குறைந்தது அரை மணி நேரம் மிச்சமானது. குழந்தையைப் பெற்றோர் காப்பகத்துக்கே கொண்டுபோய் விடாததால் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நேரில் பார்க்கும் வாய்ப்புக் குறைகிறது, சிறு குழந்தைக்குப் பேருந்துப் பயணம் கூடுதல் களைப்பு என்ற குறைகளும் சொல்லப்படுவதுண்டு. அவை நியாயமான குறைகள்தாம். அதற்காகவே, பின்னாளில் புதிய குடியிருப்புகளின் அருகிலேயே காப்பகங்கள் வேகமாகக் கட்டப்பட்டன. 2010-ஐ ஒட்டி இருபதுக்கும் குறைவாக இருந்த அங்கீகரிக்கப்பட்ட காப்பகங்கள், பத்து பன்னிரண்டு ஆண்டுகளில் நூறை ஒட்டி உயர்ந்தன. 2021 ஏப்ரலில் காத்திருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது.

இந்த ஏற்பாடு கையில் இருந்த பிறகுதான், 2010-ஐ ஒட்டி டோக்கியோ நிலையங்களில் அந்தப் புகழ்பெற்ற சுவரொட்டி ஒட்டப்பட்டது. நாகரேயாமாவில் உண்மையாகவே வசிக்கும் குடும்பத்தின் படம். அதன் மேல், 'தாயாவதென்றால் நாகரேயாமாவில்' என்ற பொருள் தரும் ஒரு வரி. 'டோக்கியோ மையத்துக்கு மிக அருகிலுள்ள வன நகரம்' என்பது அதன் துணை முழக்கம். வேறு ஊர்களும் பிறகு இதே பாணியில் சுவரொட்டி அடித்தன. ஆனால் சுவரொட்டி மட்டும் மக்களைக் கொண்டுவந்துவிடாது. முழக்கத்துக்குப் பின்னால் காலை 7 மணிக்குக் கதவு திறக்கும் ஒரு கட்டடம் இருந்தால்தான் அந்த வரிக்கு உயிர் வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாகரேயாமாவின் எண்ணிக்கை 1,99,849; அடுத்த ஆண்டே 2 லட்சத்தைக் கடந்தது. பதினைந்து ஆண்டுகளில் 47,000 பேர் கூடுதல். ஊரில் மிகுதியாக இருக்கும் வயதினர் முப்பதுகளில் உள்ளவர்கள் என்ற நிலையும் வந்தது. பிறப்பு வீதமும் தேசியச் சராசரியைவிட மேலே நின்றது. ஆனாலும் இதை 'நாகரேயாமா குழந்தைப் பிறப்பைக் கூட்டிவிட்டது' என்று படிப்பது தவறு. குழந்தை பெற எண்ணியவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது ஒரு பெரும்பகுதி. முதல் குழந்தையோடு வந்தவர்கள் இரண்டாவதையும் பெற்றுக்கொள்ளத் துணிந்தார்கள் என்பது இன்னொரு பகுதி. இரண்டும் கலந்தே கணக்கில் வருகின்றன. ஜப்பான் முழுவதற்கும் இது மருந்தாகுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதற்பகுதி பக்கத்து ஊரிலிருந்து எடுத்துக்கொண்டது, இரண்டாவதுதான் உண்மையான கூடுதல்.

'வன நகரம்' என்ற முழக்கத்தில் ஒரு வலியும் ஒளிந்திருக்கிறது. ஓட்டாகா என்றால் ஒருவகை வல்லூறு. நிலையத்தின் பெயருக்கே 'வல்லூறின் வனம்' என்றுதான் பொருள். அருகிலுள்ள இச்சினோயா காட்டில் அந்தப் பறவை கூடு கட்டுவது கண்டறியப்பட்டு, காட்டைக் காக்க வேண்டும் என்று ஊர்மக்கள் போராடினார்கள். ஏறத்தாழ 50 ஹெக்டேர் காட்டில் பாதியளவுதான் கடைசியில் காக்கப்பட்டது, மீதி மனைகளாயிற்று. பறவையின் பெயரைத் தாங்கிய ஊர் அதன் பாதி வீட்டை எடுத்துக்கொண்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இழந்த பசுமையை ஓரளவேனும் ஈடு செய்ய 2006-இல் 'பசுமைச் சங்கிலி' என்ற திட்டம் வந்தது. வீடு கட்டுவோர் குறிப்பிட்ட அளவில் மரமும் வேலிச்செடியும் வைத்து, பக்கத்து மனையின் பசுமையோடு தொடர்ச்சியாக அமைத்தால் நகராட்சி சான்று தரும். அந்தச் சான்றுள்ள வீட்டுக்கு வட்டியில் சலுகை தரச் சில வங்கிகள் முன்வந்தன. கோடையில் தெருவின் வெப்பம் தணியவும், மனையின் மதிப்பு நிலைக்கவும் இது உதவும் என்பது எண்ணம். புதிய தெருக்களில் நடந்தால் இதன் பயன் கண்ணுக்குத் தெரிகிறது; மதில்சுவர் குறைவு, செடிவேலி மிகுதி. காட்டுக்கு அது ஈடாகாது, ஆனாலும் வெறும் கான்கிரீட்டைவிட எவ்வளவோ மேல்.

வளர்ச்சிக்கான விலை எங்கே தெரிகிறது என்று கேட்டீர்களானால், பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். காப்பகத்துக்கு இடம் தேடி வந்த குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது பள்ளியில் இடம் வேண்டும். ஓட்டாகா-நோ-மோரியில் தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் ஒன்றாக இணைந்த பெரிய கட்டடம் 2015-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது நிரம்பி வழிந்தது. 2021-இல் மரத்தையே பெரிதும் பயன்படுத்திக் கட்டிய ஓகுரோ-நோ-மோரி தொடக்கப் பள்ளியும், மறு ஆண்டு அதன் நடுநிலைப் பள்ளியும், 2024-இல் மேலும் இரண்டு தொடக்கப் பள்ளிகளும் வந்தன. நாட்டின் பெரும்பகுதியில் பள்ளிகளை இணைத்து மூடிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரே ஊரில் இத்தனை திறப்பு விழாக்கள். பள்ளிக்கு 12 முதல் 18 வகுப்புகள் என்பது ஜப்பான் அரசு வைத்திருக்கும் பொது அளவுகோல். இங்கே அதைப் பெரிதும் தாண்டிய பள்ளிகள் உண்டு. தொடக்கப் பள்ளி வகுப்பொன்றுக்கு 35 மாணவர் என்ற வரம்பு 2021 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததால், அதே எண்ணிக்கை மாணவருக்கும் கூடுதல் அறைகள் தேவைப்பட்டன. பள்ளி முடிந்த பின் பெற்றோர் வரும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடங்களுக்கும் இதே நெருக்கடி. காப்பகத்தில் மிச்சமான நிமிடங்கள் இங்கே திரும்பக் கேட்கப்படுகின்றன.

ரயிலிலும் அப்படியே. சுகுபா எக்ஸ்பிரஸில் 6 பெட்டிகள்தான். பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-இல், நெரிசல் மிகுந்த காலை வேளையில், டோக்கியோவின் கிட்டா-செஞ்சு நிலையத்தை நெருங்கும் பகுதியில் வண்டிகள் கொள்ளளவில் 170 விழுக்காடு அளவுக்கு நிரம்பின. நடைமேடைகளை நீட்டி 8 பெட்டிகள் ஆக்கும் வேலை 2030களின் முற்பகுதியை இலக்காக வைத்து நடக்கிறது. ஜோபான் பாதையின் நெரிசலைக் குறைக்க வந்த ரயில், தானே நெரிசலாகிவிட்டது.

இதைச் சற்றேனும் தணிக்கக்கூடியது, ஊருக்குள்ளேயே வேலை. நெடுஞ்சாலை நுழைவாயிலை ஒட்டி, எடோ ஆற்றின் பக்கம், ஜப்பானின் மிகப் பெரிய சரக்குக் கிடங்கு வளாகங்களில் சில எழுந்திருக்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். வேலைக்கு வரும் தாய்மாருக்காகக் கிடங்கு வளாகத்துக்குள்ளேயே குழந்தைக் காப்பகமும் வைத்திருக்கிறார்கள். இது வருவாய்க்கும் நல்லது, வேலைவாய்ப்புக்கும் நல்லது. ஆனால் டோக்கியோவில் தொழில்முறைப் பணியில் இருந்து, குழந்தைக்காக அதை விட்டுவிட்ட ஒரு பெண் எதிர்பார்ப்பது கிடங்கு வேலையை அல்ல. அத்தகையோருக்காகத் தொழில் தொடங்கும் பயிற்சி வகுப்புகளையும், தொலைவிலிருந்து வேலை செய்யும் பொது அலுவலகங்களையும் ஊர் ஊக்குவித்தது. அளவில் அவை சிறியவை. திசையில் சரியானவை என்பது என் கருத்து.

இனி, நிலைக்குமா என்ற கேள்வி. இதற்கான விடையை நாகரேயாமாவின் வடபகுதியிலேயே காணலாம். எடோகவாடாய் நிலையம் 1958-இல் திறக்கப்பட்டபோது அங்கே மனை வாங்கியவர்களும் முப்பது வயதுக்காரர்கள்தாம். நல்ல சம்பளம், அகலமான தெரு, தோட்டத்தோடு கூடிய வீடு. அனைவரும் ஒரே காலத்தில் வந்ததால் அனைவருக்கும் ஒரே காலத்தில் வயதானது. கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. ஓட்டாகா-நோ-மோரியைச் சுற்றி இப்போது குடியேறியிருப்பவர்களும் ஏறத்தாழ ஒரே வயதினர். 2045-ஐ ஒட்டி அவர்களின் பிள்ளைகள் வெளியூர் போவார்கள். புதிய பள்ளிகளின் அறைகள் காலியாகத் தொடங்கும். காப்பகங்கள் அதற்கும் முன்பே காலியாகத் தொடங்கியிருக்கும். அதைத் தவிர்க்க வேண்டுமானால், ஒரே நேரத்தில் எல்லா மனையையும் விற்றுத் தீர்க்காமல் இடைவெளி விட்டு விற்பதும், தனிவீட்டோடு வாடகைக் குடியிருப்பையும் கலப்பதும், முதியோர் விட்டுச்செல்லும் பழைய வீடுகளை இளம் குடும்பங்களின் கைக்கு மாற்றுவதும் தேவை. மூன்றாவது வேலையை ஊர் எடோகவாடாயில் இப்போதே செய்து பழக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தப் பகுதியை முதியோர் குடியிருப்பு என்று ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிய நிலையத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், இருபது ஆண்டு கழித்துப் புதிய நிலையத்தைச் சுற்றியும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க நேரிடும். இசாகி 2023-இலும் தேர்தலில் வென்று தொடர்கிறார். இருபது ஆண்டுகளாக ஒரே கை நடத்திய ஊர் என்பது அதன் பலமும், அவருக்குப் பின் யார் என்ற கவலைக்கான காரணமும் ஆகும்.

நேரில் பார்க்கும் எண்ணம் இருந்தால், நேராக ஓட்டாகா-நோ-மோரியில் போய் இறங்கிவிடாதீர்கள். ஜோபான் பாதையின் மபாஷியில் இறங்கி, காகிதச் சீட்டு வாங்கி, அந்த இரண்டு பெட்டி வண்டியில் கடைசி நிறுத்தமான நாகரேயாமா வரை போங்கள். பழைய மிரின் வணிகர் வீடுகளும் கிடங்குகளும் நிற்கும் தெருவில், இஸ்ஸா தங்கிய வீட்டின் நினைவில்லம் வரை நடந்து, ஆற்றங்கரையையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து பேருந்தில் புதிய நிலையத்துக்கு வாருங்கள். மிச்சமிருக்கும் இச்சினோயா காடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். மாலை 5 மணிக்குள் நிலையத்துக்குத் திரும்பிவிட்டால், குழந்தைகளை ஏற்றிய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதையும், நடைமேடையிலிருந்து இறங்கி வரும் கூட்டத்தில் சிலர் மட்டும் நடையை எட்டிப் போட்டு அந்தக் கட்டடத்துக்குள் நுழைவதையும் பார்க்கலாம்.